'டூ' வந்தாலே 'கேனாட்' போட வேண்டுமா? ஆங்கில வாக்கிய மாற்றத்தில் பொருள் கெடும் இடங்கள்

புதுமாணவன்:
எல்லோருக்கும் வணக்கம். தேர்வுக்காக ஆங்கில இலக்கணத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 'டூ... டு' வருகிற வாக்கியத்தை 'ஸோ... தட்... கேனாட்' என்று மாற்றி எழுதும் பயிற்சியில் நிற்கிறேன். "ஹி இஸ் டூ டயர்ட் டு வாக்" என்பது "ஹி இஸ் ஸோ டயர்ட் தட் ஹி கேனாட் வாக்" ஆகிறது. இது புரிகிறது. களைப்பு அதிகம், அதனால் நடக்க முடியவில்லை.

அடுத்த கேள்வி: "ஹி இஸ் டூ ரெடி டு க்ரிட்டிசைஸ் அதர்ஸ்." என்னிடம் இருக்கும் விடைக்குறிப்பு இதை "ஹி இஸ் ஸோ ரெடி தட் ஹி கேனாட் க்ரிட்டிசைஸ் அதர்ஸ்" என்று மாற்றியிருக்கிறது. 'தயாராக இருக்கிறான், அதனால் குறை சொல்ல முடியவில்லை' என்றால் என்ன அர்த்தம்? விடைக்குறிப்பு சரியா, நான் புரிந்துகொண்டது சரியா?

மாலைநேரம்:
வாய்பாடு அதுதாங்க. 'டூ'வை எடு, 'ஸோ' போடு, 'டு'வை எடு, 'தட்' போடு, எழுவாயைத் திரும்ப எழுது, 'கேனாட்' சேர். இறந்தகாலமா இருந்தா 'குட் நாட்'. நான் இப்படித்தான் படிச்சேன், மார்க் வந்துச்சு. ரொம்ப யோசிச்சா தேர்வு அறையில நேரம் போயிடும்.

நீலக்குறிஞ்சி:
புதுமாணவன், நீங்கள் புரிந்துகொண்டதுதான் சரி. விடைக்குறிப்பு தவறு.

இரண்டு வாக்கியங்களும் வெளிப்பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. உள்ளே கட்டுமானம் வேறு. "டூ டயர்ட் டு வாக்" என்பதில் 'டு வாக்' சேர்ந்திருப்பது 'டூ' என்ற சொல்லோடு. அளவு மீறிவிட்டது, அதனால் நடப்பது நடக்காது. "டூ ரெடி டு க்ரிட்டிசைஸ்" என்பதிலோ 'டு க்ரிட்டிசைஸ்' சேர்ந்திருப்பது 'ரெடி'யோடு. 'ரெடி டு க்ரிட்டிசைஸ்' என்பது ஏற்கெனவே ஒரு முழுத் தொடர். 'டூ' அதன்மேல் வந்து உட்கார்ந்து 'அளவுக்கு மிஞ்சி' என்று மட்டும் சொல்கிறது. அவர் குறை சொல்லாமல் இருக்கிறார் என்பதற்கு அங்கே இடமே இல்லை. குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கண்டுபிடிக்க ஒரு வழி: 'டூ'வை மட்டும் உருவிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். "ஹி இஸ் டயர்ட் டு வாக்" என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது, வாக்கியம் உடைந்துவிடுகிறது. "ஹி இஸ் ரெடி டு க்ரிட்டிசைஸ் அதர்ஸ்" நன்றாக நிற்கிறது. இப்படி நின்றால் 'கேனாட்' போடும் முன் கையை நிறுத்துங்கள். 'ஈகர்', 'ஆப்ட்', 'க்ளாட்', 'வில்லிங்' போன்ற சொற்கள் எல்லாம் இந்தக் கூட்டம்தான். "ஐ ஆம் ஒன்லி டூ க்ளாட் டு ஹெல்ப்" என்றால் உதவ முடியாது என்றா பொருள்? உதவுவதில் மிகுந்த மகிழ்ச்சி என்று பொருள்.

உங்கள் கேள்விக்கு விடையாக "ஹி க்ரிட்டிசைஸஸ் அதர்ஸ் மோர் ரெடிலி தேன் ஹி ஷுட்" என்று எழுதலாம். குறை சொல்ல வேண்டிய அளவைத் தாண்டிச் சொல்கிறார் என்ற பொருள் அப்படியே இருக்கிறது.

படிப்பாளி:
நீலக்குறிஞ்சி அவர்களே, நீங்கள் சொன்ன சோதனையில் ஓர் ஓட்டை தெரிகிறது. "ஷி இஸ் டூ அஃப்ரெய்ட் டு ஸ்பீக்" என்பதை எடுத்துக்கொள்வோம். 'டூ'வை உருவினால் "ஷி இஸ் அஃப்ரெய்ட் டு ஸ்பீக்" நன்றாகவே நிற்கிறது. ஆனால் 'பேச முடியவில்லை' என்பதுதானே பொருள்? அப்படியானால் இங்கே 'கேனாட்' சரிதானே?

நீலக்குறிஞ்சி:
நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 'அஃப்ரெய்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே பின்வாங்குதல் இருக்கிறது. 'டூ' இல்லாதபோதும் அவள் பேசவில்லை, இருக்கும்போதும் பேசவில்லை. அதனால் "ஸோ அஃப்ரெய்ட் தட் ஷி கேனாட் ஸ்பீக்" பொருந்துகிறது.

ஆகவே சோதனையை இப்படிச் சொல்கிறேன்: 'டூ'வை எடுத்த பிறகு வாக்கியம் உடைந்தால் வாய்பாட்டைத் தயங்காமல் போடலாம். உடையாமல் நின்றால், நிற்கிற வாக்கியம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். செயல் நடக்கிறது என்று சொன்னால் 'கேனாட்' கூடாது. நடக்கவில்லை என்று சொன்னால் போடலாம்.

ஆங்கில ஆசிரியை:
இதோடு சேர்த்து வகுப்பில் நான் வலியுறுத்தும் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, 'கேனாட்' மட்டுமே விடை அல்ல. "ஷி இஸ் டூ ப்ரவுட் டு பெக்" என்பதில் அவளுக்குக் கையேந்தத் தெரியாமல் இல்லை, ஏந்த மாட்டாள். "ஸோ ப்ரவுட் தட் ஷி வில் நாட் பெக்" என்று எழுதுவதே பொருளுக்கு அருகில் இருக்கிறது. முடியாமையா, மறுப்பா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டு, 'இட்'. "த பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்" என்பதை மாற்றும்போது "த பாக்ஸ் வாஸ் ஸோ ஹெவி தட் ஐ குட் நாட் லிஃப்ட் இட்" என்று கடைசியில் 'இட்' வந்தே தீர வேண்டும். முதல் வாக்கியத்தில் 'லிஃப்ட்'டுக்குச் செயப்படுபொருள் அந்தப் பெட்டியேதான், எழுவாய் இடத்தில் இருந்துகொண்டே இரண்டு வேலையும் பார்க்கிறது. 'தட்'டுக்குப் பின் தனி உட்பிரிவு தொடங்கிவிட்டால் அதற்கு அதன் எழுவாயும் செயப்படுபொருளும் தனியாக வேண்டும். திருத்தும்போது மாணவர்களின் தாளில் அதிகம் விடுபட்டிருப்பது இந்த இரண்டெழுத்துச் சொல்தான். திரும்ப மாற்றும்போது 'இட்'டை நீக்க மறந்துவிடுகிறார்கள், அதுவும் பிழை.

மாலைநேரம்:
சரி, 'டூ'வில விதிவிலக்கு இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா செய்வினை, செயப்பாட்டுவினையில வாய்பாடு பக்காதானே? செயப்படுபொருளை முன்னாடி கொண்டு வா, வினையை மாத்து, 'பை' போடு. அர்த்தம் எங்க மாறுது?

படிப்பாளி:
மாறுகிறது. எண்ணிக்கை காட்டும் சொல்லும் 'நாட்'டும் ஒன்றாக வந்தால் கவனமாக இருக்க வேண்டும். 100 மாணவர்கள் தேர்வு எழுதினார்கள் என்று வையுங்கள். ஒரு கேள்விக்கு 60 பேர் விடை எழுதினார்கள், 40 பேர் எழுதவில்லை.

"மெனி ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் ஆன்சர் திஸ் கொஸ்டியன்." 40 பேர் எழுதவில்லை, ஆகவே உண்மை.

இப்போது வாய்பாட்டின்படி: "திஸ் கொஸ்டியன் வாஸ் நாட் ஆன்சர்ட் பை மெனி ஸ்டூடன்ட்ஸ்." இதைக் கேட்பவர் என்ன நினைப்பார்? அந்தக் கேள்விக்கு அதிகம் பேர் விடை எழுதவில்லை, ஏதோ சிலர்தான் எழுதினார்கள் என்று. 60 பேர் எழுதியிருக்கும்போது அது பொய். முதல் வாக்கியத்தில் 'மெனி' 'நாட்'டுக்கு வெளியே இருந்தது. இரண்டாவதில் 'நாட்' முன்னால் போய் 'மெனி'யைத் தன் ஆட்சிக்குள் இழுத்துக்கொண்டது.

மொழியியலில் இது பழைய விவாதம். 1957-இலேயே நோம் சோம்ஸ்கி, ஓர் அறையில் உள்ள எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மொழிகள் தெரியும் என்ற வாக்கியத்தைச் செய்வினையிலும் செயப்பாட்டுவினையிலும் வைத்து, இரண்டும் ஒரே பொருள் தராமல் போகலாம் என்று காட்டினார். செய்வினையில் ஆளுக்கு வேறு வேறு இரண்டு மொழிகளாக இருக்கலாம். செயப்பாட்டுவினையில், குறிப்பிட்ட இரண்டு மொழிகள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும் என்ற பொருள் மேலெழுகிறது.

புதுமாணவன்:
இது எனக்குப் புதிது. செயப்பாட்டுவினை என்றால் சொல்வரிசை மட்டும்தான் மாறும் என்று நினைத்திருந்தேன். வேறு எந்த இடங்களில் கவனம் வேண்டும்?

ஆங்கில ஆசிரியை:
'வில் நாட்' வரும்போது. "ஹி வில் நாட் டீச் ஹெர்" என்றால் அவன் கற்பிக்க மறுக்கிறான் என்று கேட்கும். "ஷி வில் நாட் பி டாட் பை ஹிம்" என்று திருப்பிப் போட்டால் மறுப்பவள் அவளாகிவிடுகிறாள்! பழி ஆள் மாறிவிட்டது.

பிறகு, செயப்பாட்டுவினையே ஏற்காத வினைகள். 'ஸ்லீப்', 'அரைவ்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'ரிஸெம்பிள்' (ஒத்திருத்தல்), 'லாக்' (இல்லாதிருத்தல்) போன்றவற்றுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வருவதால் மாணவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். "ஹி ரிஸெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்" என்பதைத் திருப்பி "ஹிஸ் ஃபாதர் இஸ் ரிஸெம்பிள்ட் பை ஹிம்" என்று யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. இவை செயல் அல்ல, நிலை. ஒருவர் மற்றவர்மேல் எதையும் செய்யவில்லை.

வினையோடு ஒட்டிய முன்னிடைச்சொல்லைத் தொலைக்காதீர்கள். "தே லாஃப்ட் அட் ஹிம்" என்பது "ஹி வாஸ் லாஃப்ட் அட்". 'பை தெம்' தேவையில்லை. யார் செய்தார்கள் என்பது தெரியாதபோது அல்லது முக்கியமில்லாதபோதுதான் பெரும்பாலும் செயப்பாட்டுவினையையே நாடுகிறோம். அங்கே 'பை பீப்பிள்', 'பை ஸம்வன்' என்று எழுதுவது வாக்கியத்தை வீணாகக் கனக்கச் செய்கிறது.

தூரதேசி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர்கூற்று, அயற்கூற்று பற்றி ஒரு சந்தேகம். அயற்கூற்றிலிருந்து நேர்கூற்றுக்குத் திரும்பும்போது ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருகிறது. "ஹி ஸெட் தட் ஹி ஹாட் ஸீன் த லெட்டர்." இதன் நேர்கூற்று "ஐ ஸா த லெட்டர்" என்றா, "ஐ ஹாவ் ஸீன் த லெட்டர்" என்றா?

நீலக்குறிஞ்சி:
தூரதேசி, இரண்டும் சரி. "ஐ ஹாட் ஸீன் த லெட்டர்" என்று மூன்றாவதாகவும் ஒன்று எழுதலாம். 'ஸா', 'ஹாவ் ஸீன்', 'ஹாட் ஸீன்' மூன்றும் அயற்கூற்றுக்குப் போகும்போது 'ஹாட் ஸீன்' என்ற ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மூன்று வழியாக உள்ளே வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று பிறகு கேட்டால் வாக்கியத்துக்குச் சொல்லத் தெரியாது. வாக்கிய மாற்றம் எப்போதும் இருவழிப் பாதை என்று நினைக்கிறோம், அது இங்கே பொய்க்கிறது. திரும்பும்போது சூழலைப் பார்த்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'யெஸ்டர்டே' என்ற பொருளில் குறிப்பு இருந்தால் 'ஸா'. எப்போது என்ற குறிப்பே இல்லாவிட்டால் 'ஹாவ் ஸீன்' இயல்பாக இருக்கும்.

காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவது கூட எப்போதும் கட்டாயமில்லை. சொன்ன செய்தி இன்னும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்தை அப்படியே விடலாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை எல்லாப் பாடநூலும் இதற்கு உதாரணமாகத் தரும். அதனால் அறிவியல் உண்மைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. "ஷி டோல்ட் மீ தட் ஹெர் நேம் இஸ் மீரா" என்பதும் சரியான ஆங்கிலம், அவள் பெயர் இன்றும் அதுதானே.

'டுமாரோ' என்றாலே 'த நெக்ஸ்ட் டே' என்று மாற்றுவதும் இதே வகைதான். இன்று காலை சொன்னதை இன்று மாலை இன்னொருவரிடம் சொன்னால் நாளை என்பது நாளையாகவே இருக்கிறது. நாள் கடந்த பிறகு சொன்னால்தான் மாற வேண்டும். பயிற்சிக் கேள்வியில் எப்போது சொல்லப்படுகிறது என்ற குறிப்பு இருக்காது, அதனால் மாற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. தேர்வில் மாற்றியே எழுதுங்கள். ஏன் மாற்றுகிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

மாலைநேரம்:
இப்படிப் பார்த்தா 'இஃப் நாட்'டை 'அன்லெஸ்'ஸா மாத்தறதும் சிக்கல்னு சொல்வீங்க போல!

படிப்பாளி:
சொல்லத்தான் வேண்டும். "இஃப் யூ டு நாட் ஹர்ரி, யூ வில் மிஸ் த ட்ரெயின்" என்பதை "அன்லெஸ் யூ ஹர்ரி" என்று மாற்றலாம். ஆனால் "ஐ வில் பி ஸர்ப்ரைஸ்ட் இஃப் ஹி டஸ் நாட் வின்" என்பதை "ஐ வில் பி ஸர்ப்ரைஸ்ட் அன்லெஸ் ஹி வின்ஸ்" என்று எழுத முடியாது. 'அன்லெஸ்' என்பதற்கு 'அது ஒன்று தவிர, மற்ற எல்லா நிலையிலும்' என்ற வேலை. ரயிலைத் தவறவிடுவது என்பது எப்படியும் நடக்க இருப்பது, விரைந்தால் மட்டும் தப்பலாம். வியப்போ அப்படி முன்பே காத்திருப்பது இல்லை. அவன் தோற்றால், அந்தத் தோல்வியே வியப்பை உண்டாக்குகிறது. 'நாட்' உள்ள பகுதியே காரணமாக இருந்தால் 'அன்லெஸ்' ஒட்டாது.

புதுமாணவன்:
ஒப்பீட்டு அளவுகள் பற்றியும் சொல்லுங்கள். மூன்று நிலைகளுக்கும் மாற்றும்போது 'எனி', 'எனி அதர்' இரண்டில் எதைப் போடுவது என்று தடுமாறுகிறேன்.

ஆங்கில ஆசிரியை:
ஒப்பிடப்படுவது அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வியாழன் ஒரு கோள். "ஜூப்பிட்டர் இஸ் லார்ஜர் தேன் எனி அதர் ப்ளானட் இன் த ஸோலார் ஸிஸ்டம்." 'அதர்' இல்லாவிட்டால் வியாழன் தன்னைவிடவும் பெரியது என்றாகிவிடும். சூரியன் கோள் அல்ல, விண்மீன். அதனால் "த ஸன் இஸ் லார்ஜர் தேன் எனி ப்ளானட் இன் த ஸோலார் ஸிஸ்டம்." இங்கே 'அதர்' போட்டால் சூரியனையும் கோளாக்கிவிடுவீர்கள். இரண்டாவது வாக்கியத்தை "த லார்ஜஸ்ட் ப்ளானட்" என்று மூன்றாம் நிலைக்கு மாற்றவும் முடியாது, அதே காரணம்தான்.

'ஒன் ஆஃப் த' வந்தால் 'வெரி ஃப்யூ... ஸோ... ஆஸ்', அல்லது 'மோஸ்ட் அதர்'. இதில் பெரிய சிக்கல் இல்லை, பழக்கம்தான்.

நீலக்குறிஞ்சி:
உடன்பாடு, எதிர்மறை மாற்றத்தை இதுவரை யாரும் தொடவில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். "ஹி இஸ் நாட் ரிச்" என்பதை "ஹி இஸ் புவர்" என்று மாற்றுகிறார்கள். பணக்காரர் இல்லாத எல்லோரும் ஏழைகளா? நடுவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 'அலைவ்', 'டெட்' போல நடுவில் இடமே இல்லாத சொற்களில்தான் ஒன்றை மறுத்தால் மற்றது கிடைக்கும். 'ஹேப்பி', 'ரிச்', 'டால்', 'ஹாட்' எல்லாம் நடுவில் பரந்த வெளி உள்ள சொற்கள். "ஷி இஸ் நாட் அன்ஹேப்பி" என்று ஒருவர் எழுதினால், 'மகிழ்ச்சி என்று சொல்லத் தயங்குகிறேன், துயரம் என்றும் சொல்ல முடியாது' என்கிறார். அதை "ஷி இஸ் ஹேப்பி" ஆக்கினால் அவர் காட்டிய தயக்கத்தை அழித்துவிடுகிறோம்.

பிசகாமல் மாற்ற வேறு வழிகள் இருக்கின்றன. "ஒன்லி ஹி நோஸ்" என்பது "நன் பட் ஹி நோஸ்". "எவ்ரிவன் நோஸ் திஸ்" என்பது "தேர் இஸ் நோ ஒன் ஹூ டஸ் நாட் நோ திஸ்". "ஆஸ் ஸூன் ஆஸ்" வந்தால் "நோ ஸூனர்... தேன்", அதோடு துணைவினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும்: "நோ ஸூனர் டிட் ஹி ஸீ மீ தேன் ஹி ரான் அவே." 'தேன்' இருக்க வேண்டிய இடத்தில் 'வென்' எழுதாதீர்கள். 'வென்' என்பது 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டோடும் வருவது.

தூரதேசி:
தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலவை வாக்கியம் மாற்றத்திலும் இப்படி ஏதாவது உண்டா?

படிப்பாளி:
'இங்' தொடரில் உண்டு. "நோயிங் த ரிஸ்க், ஹி வென்ட்" என்பதைக் கலவை வாக்கியமாக்கச் சொன்னால் 'பிகாஸ்' போடுவீர்களா, 'தோ' போடுவீர்களா? ஆபத்து தெரிந்ததால் போனானா, தெரிந்தும் போனானா? தனி வாக்கியம் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. கலவை வாக்கியத்தில் ஓர் இணைப்புச்சொல்லைத் தேர்ந்தே ஆக வேண்டும், அதனால் மாற்றுபவர் தலையில் பொறுப்பு விழுகிறது. 'டிஸ்பைட்' இருந்தால் 'தோ', 'பிகாஸ் ஆஃப்' இருந்தால் 'பிகாஸ்' என்று அடையாளம் இருக்கும்போது கேள்வியே இல்லை.

எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து. "வென் ஹி வாஸ் வாக்கிங் ஆன் த ரோட், எ ஸ்னேக் பிட் ஹிம்" என்பதைச் சுருக்கி "வாக்கிங் ஆன் த ரோட், எ ஸ்னேக் பிட் ஹிம்" என்று எழுதினால் சாலையில் நடந்தது பாம்பு. இரண்டு பகுதிக்கும் எழுவாய் ஒன்றாக இருந்தால்தான் இப்படிச் சுருக்கலாம். இல்லையென்றால் முதன்மை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக்குங்கள்: "வாக்கிங் ஆன் த ரோட், ஹி வாஸ் பிட்டன் பை எ ஸ்னேக்." இப்போது நடந்தவனும் கடிபட்டவனும் ஒருவனே.

மாலைநேரம்:
இதெல்லாம் உண்மைதான், மறுக்கல. ஆனா தேர்வு எழுதறவங்க நிலைமையையும் பாருங்க. திருத்தறவர் கையில இருக்கற விடைக்குறிப்புல 'கேனாட்'னு இருந்தா, நாம பொருளைக் காப்பாத்தி எழுதினதுக்கு பூஜ்யம் வரலாம். அப்போ என்ன செய்யறது?

ஆங்கில ஆசிரியை:
நியாயமான கவலை. திருத்தும் இடத்திலிருந்து சொல்கிறேன்: பொருள் மாறாத விடையைத் தவறு என்று போட எந்த ஆசிரியருக்கும் மனம் வராது, விடைக்குறிப்பில் இல்லாவிட்டாலும் நின்று யோசிப்போம். பொருளே கெட்டுப்போன விடையை நீங்கள் எழுதினால் அதைக் காப்பாற்ற எங்களுக்கு வழியில்லை. வாய்பாட்டை விடச் சொல்லவில்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு அதுவே போதும், விரைவாகவும் முடியும். எழுதி முடித்ததும் இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை படியுங்கள். ஒன்று உண்மையாக இருந்து மற்றது பொய்யாக இருக்கும் சூழல் ஏதாவது தோன்றுகிறதா என்று பாருங்கள். படிப்பாளி 60, 40 என்று கணக்குப் போட்டுக் காட்டியது அதைத்தான்.

புதுமாணவன்:
மிக்க நன்றி. மீதி இருந்த பயிற்சியில் இரண்டை மாற்றிப் பார்த்தேன்.

"த டீ வாஸ் டூ ஹாட் ஃபார் அஸ் டு ட்ரிங்க்" என்பது "த டீ வாஸ் ஸோ ஹாட் தட் வி குட் நாட் ட்ரிங்க் இட்."

"ஷி இஸ் டூ ஈகர் டு ப்ளீஸ்" என்பதில் 'டூ'வை எடுத்துப் பார்த்தேன், வாக்கியம் நிற்கிறது, செயல் நடப்பதாகவே சொல்கிறது. அதனால் 'கேனாட்' போடாமல் "ஷி இஸ் மோர் ஈகர் டு ப்ளீஸ் தேன் ஷி ஷுட் பி" என்று எழுதியிருக்கிறேன்.

நீலக்குறிஞ்சி:
இரண்டும் சரி. இரண்டாவதை "ஷி இஸ் ஓவர்லி ஈகர் டு ப்ளீஸ்" என்றும் சுருக்கமாக எழுதலாம். 'ரிமூவ் டூ' என்று மட்டும் கேள்வி கேட்டிருந்தால் அதுவே போதும். 'யூஸ் ஸோ தட்' என்று கேட்டிருந்தால் எதிர்மறை இல்லாமல் ஒரு விளைவைச் சொல்லுங்கள்: "ஷி இஸ் ஸோ ஈகர் டு ப்ளீஸ் தட் ஷி அக்ரீஸ் வித் எவ்ரிவன்." மூல வாக்கியத்தில் இல்லாத ஒரு விவரம் இதில் சேர்கிறது, அது மட்டும் நினைவிருக்கட்டும்.